ஏழாம் நம்பரும் கன்ட்ரோல் ஒன்றும்

பல்பு மாற்றியதுதான் அம்மாவும் மகளும் சேர்ந்து செய்த கடைசி வேலை.

மருத்துவக் கல்லூரியின் கண் துறையில், தரைத்தளத்து நடைபாதை முடிகிற இடத்தில் அம்மாவின் இருட்டறை. சுவருக்குக் கறுப்புச் சாயம், ஜன்னலுக்குக் கறுப்புத் தாள். நடுவில் ஸ்லிட் லேம்ப். நோயாளி ஒரு பக்கம் முகவாயை வைக்க வேண்டும். மருத்துவர் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, கத்தி விளிம்பு போன்ற ஒளிக்கீற்றைக் கண்ணுக்குள் செலுத்தி, பெரிதாக்கிப் பார்ப்பார். அம்மா ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகியும் கல்லூரி அந்த அறையைத் திரும்பக் கேட்கவில்லை. கேட்டு அவள் வாயில் யார் விழுவது என்று பயம்.

மகள் கண் கருவிகளைப் பழுது பார்க்கிற பொறியாளர். ஊரில் பாதி மருத்துவமனைகளின் கருவிகள் அவள் கை பட்டவை. அம்மாவின் கருவிக்கு மட்டும் கூப்பிட்டால்தான் போவாள். அந்த வெள்ளிக்கிழமை அம்மா கூப்பிட்டிருந்தாள்.

"வெறும் கையால தொடாதடி. விரல் பட்டா சீக்கிரம் போயிடும்."

"எனக்கு இது தொழில்மா."

"தொழில் பண்றவங்கதான் தொடுவாங்க."

மகள் மெல்லிய தாளால் பல்பைப் பிடித்தாள். அடியில் பொடியாகப் பொறித்திருந்த எண்ணைப் படிக்கக் கையை நீட்டினாள். இன்னும் கொஞ்சம் நீட்டினாள்.

"என்ன, பக்கத்து ரூமுக்கே குடுத்துடப் போறியா?"

"இங்க வெளிச்சம் பத்தலமா."

"இருட்டறைக்குள்ள வந்து வெளிச்சம் பத்தலங்கறா." அம்மா டார்ச் அடித்தாள். நீட்டிய கை மடங்கவில்லை.

பல்பை மாட்டி மூடியைத் திருகியாயிற்று. கீற்று ஒரே புள்ளியில் கூர்மையாக விழுகிறதா என்று பார்க்க ஒரு சின்ன உலோகக் கம்பி உண்டு. அதைக் கருவியில் நட்டுத்தான் சரி பார்க்க வேண்டும். இழுப்பறையில் கம்பி இல்லை.

"அதைத் தேடிட்டிருந்தா பொழுது போயிடும். நீ முகத்தை வை."

மகள் நின்றாள். அம்மா அந்தக் கருவியில் ஊரையே பார்த்திருக்கிறாள். மகளைப் பார்த்ததில்லை. அது அம்மா தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். சொந்த ரத்தத்தைத் தானே பரிசோதிக்கக் கூடாது, கை சாயும் என்பாள். மகளுக்கு ஒரு தூசி விழுந்தாலும் பக்கத்து அறை ஜூனியர்தான் எடுக்க வேண்டும்.

மகள் முகவாயை வைத்தாள். நெற்றி பட்டையில் ஒட்டியது. கீற்று வந்தது. எதிர்ப்பக்கத்தில் அம்மாவின் மூச்சு கேட்டது. இடது கண். பிறகு வலது கண். பிறகு மறுபடி இடது.

"ம். சரியா இருக்கு."

"எது? கண்ணா?"

"பல்பு."

அம்மா விளக்கை அணைத்துவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டாள். வீடு வரும் வரை மகள் வண்டியை ஓட்டியபடி ஒன்றையே மென்றுகொண்டிருந்தாள். அங்கே முகத்தை வைத்தது ஏழாம் நம்பராக இருந்தால், அம்மா பல்பு என்று சொல்லியிருப்பாளா?

திங்கட்கிழமை மத்தியானம், சாப்பிட்டுவிட்டுப் படுத்த அம்மா எழுந்திருக்கவில்லை.

ஏழாம் நம்பர் யாரென்று சொன்னால்தான் அம்மா யாரென்று சொல்ல முடியும். மகளுக்கு வயிறு எரிவதே அதனால்தான்.

அம்மா ஆசைப்பட்டுக் கண்ணுக்கு வந்தவள் இல்லை. மேற்படிப்புக்குப் பொது அறுவை சிகிச்சை கேட்டாள். "நின்னு நின்னு கால் வீங்கிடும்மா, பொம்பளைப் புள்ளைக்கு எதுக்கு?" என்றார் தேர்வுக் குழுவில் இருந்தவர். கண் துறையில் ஓர் இடம் காலியாக இருந்தது. "இது உக்காந்து பாக்கற வேலை" என்று அதைக் கொடுத்தார்கள். அம்மா உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு யாராலும் அவளை எழுப்ப முடியவில்லை.

அவள் விரிவுரையாளராகச் சேர்ந்த சில ஆண்டுகளில் ஓர் எட்டு வயதுப் பெண்ணைக் கூட்டிவந்தார்கள். அப்பா பஸ் கழுவுகிறவர். வெளிச்சம் கூசும், காலையில் இமை திறந்தால் ஊசி குத்துகிற வலி. போன இடமெல்லாம் தூசி பட்ட தழும்பு என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்திருந்தார்கள். அம்மா கீற்றைச் சாய்த்து வைத்துப் பார்த்தாள். கருவிழிக்கு மேலே கண்ணாடி மாதிரி இருக்கிற படலத்துக்குள், ஒன்றோடொன்று பின்னிய மெல்லிய கோடுகள். தூசி இப்படி வலை பின்னாது.

"நீங்களும் உக்காருங்க" என்றாள் அப்பாவிடம்.

"எனக்கு ஒண்ணுமில்லைங்க. புள்ளையைத்தான் பாக்கணும்."

"புள்ளையைத்தான் பாக்கறேன். உக்காருங்க."

அவர் கண்ணிலும் அதே வலை. அவருடைய அக்காவுக்கும் இருந்தது. அக்கா மகனுக்கும் இருந்தது. பரம்பரையாக வருகிற, அதிகம் பேர் பார்த்திராத நோய். அம்மாவுக்கு அன்று வாழ்க்கையின் வேலை கிடைத்துவிட்டது.

அந்தக் குடும்பத்தையும், தேடித் தேடிச் சேர்த்த மற்றக் குடும்பங்களையும் ஆண்டுக்கு ஒருமுறை வரவழைத்துக் கண்ணைப் படம் எடுத்தாள். வலை எவ்வளவு வேகத்தில் பரவுகிறது, எந்த வயதில் பார்வையை மறைக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஆளுக்கு ஒரு எண். பஸ் கழுவுகிறவரின் மகள் ஏழு. நோயாளியின் பெயரை வீட்டில் உச்சரிக்கக் கூடாது என்பது அம்மாவின் இன்னொரு சட்டம். அதனால் வீட்டிலும் அவள் ஏழுதான்.

"ஏழுக்கு இன்னைக்கு வலி கம்மி."

"ஏழு பரீட்சையில பாஸ் பண்ணிட்டா, தெரியுமா?"

அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்வார்: "வீட்ல இருக்கறது மூணு பேர். பேசறது நாலாவது ஆளைப் பத்தி. அவ பேரு ஏழு. ஊருக்கெல்லாம் கணக்கு சொல்லித் தர்றேன், எனக்கு இது மட்டும் வர மாட்டேங்குது."

ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத கண்களும் வேண்டும். அவற்றுக்குக் கன்ட்ரோல் என்று பெயர். அம்மா வீட்டிலிருந்தே தொடங்கினாள். மகளுக்கும் ஏழின் வயதுதான். அவள் கன்ட்ரோல் ஒன்று.

அந்த ஆண்டுப் பரிசோதனை நாள் மகளுக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. நடைபாதை பெஞ்சு, கையில் பிஸ்கட் பொட்டலம், எதிரே கறுப்புத் திரை. திரைக்கு உள்ளே ஏழு. அம்மாவின் குரல் வெளியே கேட்கும். வீட்டில் கேட்டிராத குரல்.

"மேல பாரு தங்கம். இன்னும் கொஞ்சம். அவ்ளோதான், அவ்ளோதான். என் ராஜாத்தி."

வீட்டில் தங்கம் கிடையாது, ராஜாத்தி கிடையாது. வீட்டில் 'டீ' தான். ஏழின் முறை அரை மணி நேரம் நீளும். அதற்குப் பிறகு மகளைப் பக்கத்து அறை ஜூனியர் கூப்பிடுவார். இப்படிப் பார், அப்படிப் பார், ஒரு படம், அவ்வளவுதான்.

"நார்மல்" என்று எழுதிக்கொண்டே சொல்வார்.

உலகத்திலேயே அவளுக்குப் பிடிக்காத சொல் அது. பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, நீ போகலாம் என்று அர்த்தம். ஒரு நாள் காலை கண்ணைக் கசக்கிச் சிவக்க வைத்துக்கொண்டு, எனக்கும் ஊசி குத்துது என்று போய் நின்றாள். அம்மா நிமிராமலே சொன்னாள்: "கையைக் கழுவிட்டு வந்து சாப்பிடு."

பதினோரு வயது நடந்தபோது அதுவும் போயிற்று. சாப்பாட்டு மேசையில் அம்மா ஒளிப்பெட்டியைப் பரப்பி, கண்களின் ஸ்லைடுகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த வருஷத்துல இருந்து நீ வர வேண்டாம்டி."

"ஏன்?"

"தேவைப்படல."

அந்த ஒற்றைச் சொல்லை மகள் முப்பது வருடங்களுக்கு மேல் வைத்திருந்தாள். கணக்கில் எடுத்துக்கொள்ளவும் தகுதி இல்லாத கண். ஏழு மட்டும் வந்துகொண்டே இருந்தாள்.

அம்மாவின் வயிற்றெரிச்சல் வேறு திசையில் போனது. அவளோடு படித்த ஒருவருக்கு அதே துறையின் மேல்மாடியில் அறை. அம்மா குடும்பம் குடும்பமாகச் சேர்த்துக்கொண்டிருந்த நோயைப் பற்றி, அவர் வேறொரு குடும்பத்தை வைத்து எழுதிய கட்டுரை முதலில் அச்சாகிவிட்டது. அம்மாவுடையது சில மாதம் பிந்தியது. அதனால் உலகத்துக்கு அவர்தான் முதல். அன்று கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல், அம்மா அவர் கட்டுரையைச் சிவப்புப் பேனாவால் திருத்தினாள்.

"ரெண்டாம் பக்கத்துல தப்பு. அஞ்சாம் பக்கத்துல தப்பு. இங்க பாருங்க, படத்தைத் தலைகீழா போட்டிருக்கான்!" முகமெல்லாம் மலர்ச்சி.

"முற்றுப்புள்ளியெல்லாம் எண்ணிப் பாத்தியா?" என்றார் அப்பா.

துறைத் தலைவர் பதவியும் பிறகு அவருக்கே போனது. அம்மா அவர் பெயரைச் சொல்வதை விட்டாள். 'மேலமாடி' என்றாள். மேலமாடி சொன்னான், மேலமாடி கையெழுத்துப் போட மாட்டேங்கறான்.

ஆனால் அம்மாவின் வேலை நடந்த விதம் விசித்திரம். எடுத்த படங்களின் எண்ணையெல்லாம் எழுத்தர் ஒட்டுத்தாளால் மறைத்துக் கலைத்துவிடுவார். யாருடைய கண் என்று தெரியாமல், நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று மதிப்பெண் போட வேண்டும். தெரிந்தால் மனது ஒரு பக்கம் சாய்ந்துவிடும். ஒருவர் போட்டால் போதாது. இரண்டாவது ஆளும் தனியாகப் போட வேண்டும். அந்த இரண்டாவது ஆளாக அம்மா பிடித்தது மேலமாடியை.

"உனக்கு வேற ஆளே கிடைக்கலையாம்மா?" என்று கல்லூரியில் படிக்கும்போது மகள் கேட்டிருக்கிறாள்.

"வேண்டியவங்க பாத்தா தப்பு தெரியாதுடி. வேண்டாதவன் பாக்கணும். எனக்கு அவன் மேல பொறாமை, அவனுக்கு என் மேல பொறாமை. என் தப்பு ஒண்ணு கிடைச்சா அவன் அன்னைக்கு நல்லாத் தூங்குவான். அதனால ஒண்ணு விடாம தேடுவான்."

இப்படியே ஸ்லைடுகள் பல வருடம் படியேறி இறங்கின. அந்த நோய்க்குக் காரணமான மரபணுவை வெளிநாட்டு ஆய்வகம் ஒன்று கண்டுபிடித்தபோது, ரத்த மாதிரிகள் பாதி அம்மா அனுப்பியவை. கட்டுரையின் பெயர் வரிசையில் அம்மா நான்காவது. மேலமாடி ஐந்தாவது. அந்த வாரம் முழுக்க அம்மா வீட்டில் பாடிக்கொண்டே நடமாடினாள்.

ஏழுக்கு இருபத்திரண்டு வயதில் பார்வை மறைந்தது. அம்மாதான் கருவிழிப் படல மாற்று அறுவை செய்தாள். கட்டுப் பிரித்ததும் ஏழு முதன்முதலாகத் தெளிவாகப் பார்த்தது அம்மாவை.

"நீங்க இவ்ளோ குள்ளமா டாக்டரம்மா?" என்றாளாம்.

அம்மா இதைச் சாப்பாட்டு மேசையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அன்றுதான் மகளுக்குப் பொறியியல் கடைசி ஆண்டுத் தேர்வு முடிவு வந்திருந்தது. முதல் வகுப்பு. பேச்சு குள்ளத்திலேயே முடிந்துபோயிற்று. அப்பா மட்டும் அடுக்களையில் வந்து முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

வைத்த புதுப் படலத்திலும் சில ஆண்டுகளில் அதே வலை திரும்பப் படரும் என்பதுதான் அந்த நோயின் குணம். எப்போது திரும்பும், எப்படித் திரும்பும் என்பதை ஆண்டுக்கணக்காக உட்கார்ந்து பார்த்தவள் அம்மா. வெளியூர்க் கருத்தரங்குகளில் அவளை எழுப்பி நிறுத்திக் கைதட்டியது அந்த வேலைக்காகத்தான். அந்தப் படங்களில் பாதி ஏழின் கண்.

ஏழுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் அம்மா. மருத்துவமனை வாசலுக்கு எதிரே மூக்குக் கண்ணாடிக் கடை. சட்டத்தைச் சூடு காட்டி முகத்துக்குத் தகுந்தபடி வளைத்துக் கொடுக்கிற வேலை. கடைக்காரரிடம் அம்மா நேரில் போய்ப் பேசினாள். மகள் கருவிக் கம்பெனியில் நேர்காணலுக்குப் போனபோது ஒரு வார்த்தை சொல்லக் கேட்டாள்.

"என் பொண்ணைப் பத்தி நான் எப்படிடி நல்லபடியா சொல்றது?"

"ஏழாம் நம்பரைப் பத்திச் சொன்னியே."

"அவ என் பொண்ணு இல்லையே."

அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? அந்த வேலையை மகள் தானே வாங்கிக்கொண்டாள். ஏன் அந்தத் தொழில் என்று யாராவது கேட்டால் நல்ல சம்பளம் என்பாள். அம்மாவுக்கும் ஏழுக்கும் நடுவில் எப்போதும் ஒரு கருவி இருந்தது. அவள் போய் அந்தக் கருவியைப் படித்தாள்.

அம்மா இறந்த அன்று வீட்டுக்கு ஏழு வந்தாள். அவள் அழுத அழுகையில், விவரம் தெரியாதவர்கள் அவளைத்தான் மகள் என்று நினைத்துக் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்கள். மகள் நாற்காலிகளை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒருவர் அவளிடம் தண்ணீர் கேட்டார்.

பத்து நாள் கழித்துக் கல்லூரியில் இரங்கல் கூட்டம். ஏழு மேடையேறினாள். "எட்டு வயசுல இருந்து என்னைப் பாத்தாங்க. எங்க அம்மாகூட என் கண்ணை அவ்ளோ நேரம் பாத்ததில்ல" என்றாள். அரங்கத்தில் மூக்கு உறிஞ்சும் சத்தம். மகளையும் பேசக் கூப்பிட்டார்கள். அவள் தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். எழுந்து என்ன சொல்வது? எனக்கு நார்மல் என்றா?

கூட்டம் கலையும்போது ஏழு அருகில் வந்தாள்.

"அக்கா, போகும்போது கடைக்கு ஒரு நடை வர்றீங்களா? டாக்டரம்மா ஒரு வேலையைப் பாக்கி வச்சிட்டாங்க."

ஒரே வயது. இருந்தும் அக்கா. அதுவும் மகளுக்கு எரியும். அம்மா இவளிடம் எதையோ விட்டுவிட்டுப் போயிருக்கிறாள், அதையும் இவள் கையால்தான் வாங்க வேண்டும். பார்க்கலாம் என்று மட்டும் சொன்னாள்.

நடைபாதையில் டீ கொடுத்தார்கள். மேலமாடி கோப்பையோடு வந்து நின்றார். தலை முழுக்க நரை. கைத்தடி.

"என்னம்மா, கன்ட்ரோல் ஒண்ணு?"

அந்தப் பேரில் அவளை யாரும் கூப்பிட்டு ஒரு தலைமுறை ஆகியிருக்கும்.

"நான் கொஞ்ச வருஷம்தான் சார் கன்ட்ரோல். தேவைப்படலன்னு எடுத்துட்டாங்க."

"தேவைப்படலன்னா சொன்னா?" அவர் கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்தார். "நான்தாம்மா உன்னை எடுக்கச் சொன்னேன். சண்டை போட்டு எடுக்க வச்சேன்."

"நீங்களா? ஏன் சார்?"

"ஒட்டி மறைச்ச படத்துல யாரோட கண்ணுன்னு தெரியக் கூடாது, இல்லையா? உன் படம் வந்தா மட்டும் உங்கம்மா பேனாவை மூடி வச்சிடுவா. 'இது என் பொண்ணு, நான் போடக் கூடாது, நீயே போட்டுக்கோ'ன்னு மேல அனுப்பிடுவா. யாரோ உள்ளேருந்து சொல்லித் தர்றாங்கன்னு நெனச்சேன். சரி, பாத்துடலாம்னு, கண்ணோட நிறமெல்லாம் மறைச்சு, ஓரம் மட்டும் தெரியற மாதிரி வெட்டினேன். நூறு பேரோட ஓரத்துக்கு நடுவுல உன்னோடதைச் சொருகி அனுப்பினேன்."

"அப்புறம்?"

"மத்தியானம் திரும்பி வந்துடுச்சு. உன்னோடது மட்டும் தனியா. ஓரத்துல ரத்தக்குழாய் வளைஞ்சு போற விதம் தெரியுமாம். எந்தக் கருவியில பாத்தாளோ, ராத்திரி நீ தூங்கும்போது பாத்தாளோ, யாருக்குத் தெரியும்? ஆய்வுக்கே கேடுன்னு கத்தினேன். அவளும் ஒத்துக்கிட்டா. எனக்குத் தெரிஞ்சு அவ என்கிட்ட ஒத்துக்கிட்டது அந்த ஒண்ணுதான்."

மகள் தன் கோப்பையைப் பார்த்தாள். கேட்கக் கூடாது என்று தெரிந்தது. கேட்டாள்.

"ஏழாம் நம்பரையும் அப்படிக் கண்டுபிடிச்சிருப்பாங்களே சார்?"

"ஏழையா?" மேலமாடி சிரித்ததில் கைத்தடி ஆடியது. "ஒரு தடவை ஏழோட படத்தைப் பாத்துட்டு, 'இது யாரோ கிழவர் கண்ணு'ன்னு எழுதி அனுப்பினா. நான் விடுவேனா? அவ ரிட்டயர் ஆகற வரைக்கும் சொல்லிக் காட்டினேன்."

டீ இனித்தது. அம்மா போன பிறகு நாக்கில் ஒரு ருசி தெரிந்தது அப்போதுதான். வெட்கமாக இருந்தது. ஆனாலும் இனித்தது.

சாலையைக் கடந்து கண்ணாடிக் கடைக்குப் போகும்போது அந்தக் 'கிழவர் கண்' கதையை மகள் நாக்கு நுனியில் வைத்திருந்தாள். சமயம் பார்த்து இறக்க வேண்டும்.

குறுகலான கடை. இரண்டு சுவரிலும் சட்டங்கள், நடுவில் முகம் பார்க்கும் கண்ணாடிகள். எந்தப் பக்கம் திரும்பினாலும் நாலு மகள்கள் தெரிந்தார்கள். ஏழு ஒரு டப்பாவை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துத் தேடிக்கொண்டிருந்தாள். வலது கண்ணில் வலை திரும்பிவிட்டது. வெறும் கண்ணுக்கே மங்கல் தெரிந்தது.

"உக்காருங்க அக்கா. உங்களை இவ்ளோ பக்கத்துல பாத்ததே இல்ல. சின்ன வயசுல பெஞ்சுல பிஸ்கட் தின்னுட்டு உக்காந்திருப்பீங்க."

"நீ உள்ள இருப்ப."

"உள்ள மருந்து விட்டா நெருப்பா எரியும். திரை ஓரத்துல உங்க பிஸ்கட் தெரியும். எனக்கு ஒண்ணு குடுக்க மாட்டாளான்னு அழுவேன். டாக்டரம்மா வலியில அழறேன்னு நெனச்சுத் தங்கம், ராஜாத்திம்பாங்க." அவள் சிரித்தாள். "உங்களுக்கு என்ன அக்கா, ஒரு நிமிஷத்துல முடிஞ்சு வீட்டுக்குப் போயிடுவீங்க. அவங்களோட."

மகளுக்கு இது பிடிக்கவில்லை. இறக்கிவிட்டாள்.

"உன் படத்தை ஒரு தடவை யாரோ கிழவரோட கண்ணுன்னு எழுதிட்டாங்களாம் அம்மா."

"அட, அதுவா!" ஏழு டப்பாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "அன்னைக்கே என்கிட்ட வந்து சொன்னாங்களே. 'உன்னைக் கிழவர்னு எழுதிட்டேன்டி, மேலமாடி உயிரை வாங்கறான்'னாங்க. அதுல இருந்து நான் போன் பண்ணா 'கிழவர் பேசறேன்'னுதான் சொல்வேன்."

அதையும் இவளிடம் சொல்லியிருக்கிறாள். மேலமாடி என்ற பேர்கூட வீட்டோடு நிற்கவில்லை.

"என்ன வேலைன்னு சொன்ன?"

ஏழு டப்பாவைத் திறந்தாள். கறுப்புச் சட்டம் போட்ட கண்ணாடி.

"உங்களுக்குத்தான். படிக்கிற கண்ணாடி. அந்தச் சனிக்கிழமை காலையில வந்து ஆர்டர் குடுத்தாங்க. பவர் ஒண்ணே கால்."

"எனக்கு யாரும் டெஸ்ட் பண்ணலையே."

"நானும் அதைத்தான் கேட்டேன். சொந்தப் பொண்ணைப் பாக்கக் கூடாதுங்கற உங்க சட்டம் என்னாச்சு டாக்டரம்மான்னு. 'பரிசோதனை பண்ணல, சும்மா பாத்தேன்'ன்னாங்க. பல்பை எவ்ளோ தூரத்துல புடிச்சீங்களோ அதை வச்சே பவர் போட்டுட்டாங்க. அப்புறம் முகத்தை வைக்கச் சொல்லி, வேற ஒண்ணும் இல்லன்னும் பாத்துக்கிட்டாங்களாம். கம்பி தொலைஞ்சு போச்சுன்னு சொல்லி."

ஏழு நிறுத்தினாள். "கம்பி அவங்க பையிலதான் இருந்துச்சு. இங்க மேசையில எடுத்து வச்சுட்டுத்தான் பணம் எடுத்தாங்க."

மகள் மனதுக்குள் கணக்குப் போட்டாள். நீட்டிய கையின் நீளம். படிக்க வேண்டிய தூரம். இரண்டின் வித்தியாசம், கொஞ்சம் கூடுதல். ஒண்ணே கால் சரியாகத்தான் வந்தது. கருவிகளின் கூர்மையை மயிரிழை பிசகாமல் வைக்கிறவள், கிட்டத்து எழுத்து தனக்கு மங்கிய பழியை இத்தனை மாதம் வெளிச்சத்தின் மேலும் பொடி அச்சின் மேலும் போட்டுக்கொண்டிருந்தாள். இடது, வலது, மறுபடி இடது. பல்பைச் சோதிக்க ஒரு கண் போதும்.

"நானே கொண்டுபோய் வீட்ல குடுத்துடறேன்னேன்" என்றாள் ஏழு. "கூடவே கூடாதுன்னுட்டாங்க. 'செவ்வாய்க்கிழமை நானே வந்து வாங்கிக்கறேன். வளைக்கறதையும் நானே வளைக்கறேன். அவளுக்கு இடது காது ஒரு நூல் மேல இருக்கும், நீ ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வளைச்சு வச்சிடுவ'ன்னாங்க. இருபது வருஷமா இதே வேலை பாக்கறேன் அக்கா. என்னை நம்பல பாருங்க." சிரித்தாலும் அவள் குரலில் கொஞ்சம் புளிப்பு இருந்தது.

மகளுக்கு அந்தப் புளிப்பு நன்றாகத் தெரிந்த புளிப்பு.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். பையிலிருந்து உதிரி பல்பை எடுத்துப் பார்த்தாள். கை மடங்கியபடியே இருந்தது, அடியில் இருந்த எண் ஒவ்வொன்றும் தெளிவாக நின்றது. எதிர்க் கண்ணாடியில் முகத்தைப் பார்த்தாள். சட்டம் இடப்பக்கம் தூக்கியிருந்தது.

ஏழு சூடு காட்டும் கருவியின் பொத்தானைத் தட்டினாள். வெந்நீர்க் கெட்டில் மாதிரி அது இரைந்தது.

"கழட்டிக் குடுங்க அக்கா. ஒரு நிமிஷம்தான். எந்தக் காதுன்னுதான் சொல்லியிருக்காங்களே."

"வேண்டாம்."

"கோணலா இருக்கே."

"தெரியுது."

"நீங்களே வளைச்சுக்கறீங்களா? உங்ககிட்ட இல்லாத டூல்ஸா?"

மகள் பல்பைத் தாளில் சுற்றி உள்ளே வைத்தாள். பணம் அம்மா கொடுத்தாகிவிட்டது.

ஏழு கருவியை அணைத்தாள். இரைச்சல் நின்றது. "அடுத்த மாசம் டாக்டரம்மா என்னைப் பாக்கற மாசம்" என்றாள், யாரிடமும் இல்லாமல்.

மகள் தலையை ஆட்டினாள். கண்ணாடியைக் கழற்றாமல் கடைப்படி இறங்கினாள். தூரத்துச் சாலை மங்கலாக இருந்தது, பக்கத்தில் இருந்த தன் கை மட்டும் தெளிவாக இருந்தது. நடக்க நடக்கக் கண்ணாடி மூக்கில் நழுவியது. ஒவ்வொரு முறையும் ஏற்றிவிட்டுக்கொண்டாள். இடப்பக்கம் தூக்கிக்கொண்டுதான் நின்றது.